நன்றாக விழுகிறவர்கள்

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபத்தில் நீங்கள் எல்லோரும் இடுப்பில் பயிற்றுநர் பட்டி கட்டிக்கொண்டதைக் கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். முன்வரிசையில்தான் இருக்கச் சொன்னார்கள். முழங்கால் சரியாக மடங்காதவர்களுக்குக் கடைசி வரிசை வசதி, பேச்சு நீண்டால் எழும்பிப் போகலாம். நன்றாகச் செய்தீர்கள். எறிந்தவர்கள் நன்றாக எறிந்தார்கள். விழுந்தவர்கள் அதைவிட நன்றாக விழுந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாய், "இப்பிடி ஒரு ஆளத் தூக்கி எறியிறதெண்டா எவ்வளவு பலம் வேணும் என்ன மிஸ்" என்று வியந்தார். "எறியிறவருக்குக் கொஞ்சம் காணும், விழுறவருக்குத்தான் நிறைய வேணும்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

விழா முடிந்த பிறகு உங்களில் சிலர் வந்து, புதிதாக வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். தத்துவமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தத்துவத்துக்கு நம்முடைய தலைமை ஆசிரியர், சேர், இருக்கிறார். நான் பகலில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளார்க்காகவும், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உங்கள் மிஸ்ஸாகவும் இருந்தவள். இரண்டிலும் ஓய்வு பெற்றுவிட்டேன். என்னிடம் இருப்பது நடந்த கதைதான்.

நம்முடைய கலை எப்படி உருவானது என்று உங்களுக்கு ஒரு வரலாறு சொல்லியிருப்பார்கள். நான் கேட்ட வரலாறு இன்னும் சுருக்கமானது. சேர் இளவயதில் ஓரிடத்தில் ஜூடோ பழகினார், இன்னோரிடத்தில் கராத்தே பழகினார், பிறகு குத்துச்சண்டை பழகினார். மூன்று இடத்திலும் ஆசிரியரோடு அவருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே மூன்றையும் சேர்த்துத் தானே ஒரு கலையை ஆரம்பித்தார். கலப்புக் கலைகள் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். அதற்கு அவர் வைத்த பெயர் ஜப்பானிய மொழி மாதிரி இருக்கும். ஒரு முறை ஜப்பான்காரர் ஒருவர் விருந்தினராக வந்து, எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக இது எந்த நாட்டு மொழி என்று கேட்டார். சேர் இதை வாசிப்பார். வாசித்துவிட்டு வேறு யாரையோ பற்றி எழுதியிருக்கிறேன் என்று சொல்வார். அவர் நல்ல மனிதர், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

வெள்ளவத்தை வகுப்புச் சுவரில் நம்முடைய கொள்கைகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. முதலாவது, ஓட முடிந்தால் ஓடு. நல்ல கொள்கை. ஆனால் அந்த மண்டபத்தில் ஓடுவதற்குத் தடை. கீழே சாரிக் கடை. நாங்கள் மேலே ஓடினால் கடைக்காரரின் அலங்கார விளக்கு ஆடும், அவர் படியேறி வந்து கத்துவார். ஆகவே அந்தக் கொள்கையை வாசித்ததோடு சரி. எதிரியின் பலத்தை எதிரிக்கே திருப்பு, கையை நம்பாதே இடுப்பை நம்பு என்று மற்றவையும் உங்களுக்கு மனப்பாடம்தான். சுவரில் எழுதாத ஒரு கொள்கையும் இருக்கிறது. யாரும் சொல்லித்தருவதில்லை, எல்லோரும் பின்பற்றுகிறோம். பார்ட்னர் விழவேண்டும்.

இது ஏமாற்றில் தொடங்கியதல்ல. மணிக்கட்டை மடக்கும்போது எதிர்த்து நின்றால் மணிக்கட்டு போய்விடும். அதனால் மடக்குகிற பக்கமே உடம்பையும் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தோம். இடுப்பில் ஏற்றி எறியும்போது விறைத்துக்கொண்டு நின்றால் இரண்டு பேருக்கும் அடிபடும். அதனால் தளரச் சொல்லிக் கொடுத்தோம். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான். போகப் போக, மடக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே போகப் பழகினோம். பிறகு அதில் மரியாதையும் வந்து சேர்ந்தது. மூத்தவர் எறியும்போது இளையவர் விழாமல் நின்றால் அது திமிர். இளையவர் எறியும்போது மூத்தவர் விழாமல் நின்றால் அது கல்நெஞ்சு. கடைசியில் யாரும் யாருக்கும் விழாமல் நிற்கும் சந்தர்ப்பமே நம்முடைய மண்டபங்களில் இல்லாமல் போனது.

இந்த விழும் கலையில் அன்டனை வெல்ல கொழும்பில் ஆள் இல்லை. அவரை உங்களுக்குத் தெரியும், இப்போது வயிறு கொஞ்சம் வைத்திருக்கிறார். முகத்துவாரத்தில் வீடு, துறைமுகத்தில் வேலை. அவர் வாசலில் நின்றால் மண்டபத்துக்குள் வெளிச்சம் குறையும், அவ்வளவு பெரிய ஆள். கறுப்புப் பட்டி. ஆனால் அவருடைய புகழ் முழுவதும் விழுவதில்தான். நேற்று வகுப்பில் சேர்ந்த மெல்லிய பெண்பிள்ளை கையை அசைத்தாலும் அன்டன் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, முதுகால் விழுந்து, உள்ளங்கையால் மெத்தையில் ஓங்கி அறைவார். மண்டபம் அதிரும். அந்தப் பிள்ளை தன் கையையே திரும்பிப் பார்க்கும். பெற்றோர் கைதட்டுவார்கள். எனது ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் வகுப்புக்குத் தாக்க வருகிறவராக சேர் அன்டனைத்தான் அனுப்பிவைப்பார். அவ்வளவு பெரிய ஆளையே விழுத்திவிட்டோம் என்று பெண்கள் சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள்.

அந்த வகுப்புக்குத்தான் சில வருடங்களுக்கு முன் ரிஸ்னா வந்து சேர்ந்தாள்.

வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. வீடு கல்கிசைப் பக்கம். அவளுக்குத் தரகர் கொண்டுவந்த ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்த மாப்பிள்ளை விடவில்லை. பின்னேரத்தில் கடை வாசலில் வந்து நிற்பான். அவள் பஸ் தரிப்புக்கு நடக்கும்போது பின்னாலேயே நடப்பான். பக்கத்தில் வந்து ஏதாவது சொல்வான். கையில் தொடவில்லை, அதனால் பொலிஸில் என்ன சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"வாப்பா சொல்லிட்டாரு மிஸ்," என்றாள். "அவன் ஒருக்கா கையில தொட்டாண்டா, அதோட வேலையும் முடிஞ்சி, வெளிய போறதும் முடிஞ்சி. ஊட்டோட இருண்டு சொல்றாரு. தொடுறது அவன், ஊட்டுக்குள்ள ஈக்கிறது நானா?"

இதற்குப் பதில் சொல்லும் கொள்கை எதுவும் சுவரில் இல்லை. அவள் எதற்காக வந்தாள் என்பதை மட்டும் நான் தெளிவாக விளங்கிக்கொண்டேன். மற்றப் பெண்கள் உடற்பயிற்சிக்கு வந்தார்கள், ஒருத்தி மெலிய வந்தாள், இன்னொருத்தி மாமியாரிடமிருந்து ஒரு ஞாயிறு காலையைத் தப்பவைக்க வந்தாள். ரிஸ்னாவுக்கு இது வேலைக்குப் போவதா, வீட்டுக்குள் இருப்பதா என்ற விஷயம்.

கெட்டிக்காரி. கையைப் பிடித்தால் விடுவித்து எறியும் முறையைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். பிடித்தவரின் பெருவிரல் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பு, முழங்கையை இறக்கு, உள்ளே காலை வை, இடுப்பைக் கொடு. அன்டன் பறந்துபோய் விழுவார். வாரத்துக்கு வாரம் அவள் முதுகு நிமிர்ந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. பயந்து வந்த பெண் நிமிர்வதைப் பார்ப்பதுதான் நம்முடைய தொழிலின் சம்பளம்.

ஒரு ஞாயிறு சேர் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். அன்று அன்டனின் மனைவி ஸ்டெல்லாவும் வந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் இருவரும் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போகவேண்டும். நல்ல சாரி, கைப்பை, தலையில் பூ. சாரி கசங்கக்கூடாது என்று சுவரோரம் ஒரு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். ரிஸ்னா அன்டனை எறிந்தாள். அன்டன் அன்று சேர் முன்னால் வழமையை விட உயரமாகப் போய் விழுந்தார். கீழே கடை விளக்கு ஆடியிருக்கும்.

சேர் எழும்பிக் கைதட்டினார். "நீர் ரெடி மகள்," என்றார். "இனி ஒருத்தனுக்கும் பயப்பிடத் தேவையில்ல."

ரிஸ்னாவின் முகம் மலர்ந்தது. என்னிடம் திரும்பி, "நாளைக்கு நான் ஒதுங்கிப் போக மாட்டேன் மிஸ். நிண்டு திரும்பி அவன்ட மொகத்தப் பாத்து, என்னடா வேணும்டு கேக்கப் போறேன். கையப் புடிக்கட்டும் பாப்பம்" என்றாள்.

அவளை அப்படிப் போகவிட முடியாது. ஏனென்றால் அன்று நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அவள் மணிக்கட்டைத் திருப்பத் தொடங்கும் முன்னரே அன்டனின் குதிகால் நிலத்தை விட்டுவிட்டது. அவர் எறியப்படவில்லை, தானாகப் புறப்பட்டுப் போனார். நாளைக்கு அவள் எதிர்கொள்ளப் போகிறவனுக்கு அப்படிப் புறப்பட்டுப் போகத் தெரியாது.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். மூத்த ஆசிரியர் "ரெடி" என்று சொல்லிவிட்டார். நம்முடைய மண்டபத்தில் அவருக்கு மேலே பேசுவது வழக்கமில்லை. சந்தேகம் இருந்தால் வகுப்பு முடிந்த பிறகு, வணங்கி, தனியாகக் கேட்கவேண்டும். அதற்கிடையில் அவள் போய்விடுவாள், நாளை அவன் முன்னால் திரும்பி நிற்பாள். நான் வணங்கினேன். ஆனால் தனியாகக் கேட்கக் காத்திருக்கவில்லை.

"அன்டன், இன்னொருக்கா. இந்த முறை விழாதீங்க," என்றேன்.

அன்டன் சேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர் நிக்கிறார் மிஸ்," என்று மெல்லச் சொன்னார்.

"பரவாயில்ல. விழாதீங்க."

ரிஸ்னா கையை நீட்டினாள், அன்டன் பிடித்தார், அவள் திருப்பினாள். அன்டன் போய் விழுந்தார். எழும்பி, வெட்கத்தோடு, "சொறி மிஸ்" என்றார். மறுபடி செய்தோம். மறுபடியும் விழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, காலை அகட்டி, கடவுளை நினைத்துக்கொண்டு நின்று பார்த்தார். விழுந்தார். "நான் விழயில்ல மிஸ், உடம்பு விழுது," என்றார் பரிதாபமாக. எத்தனையோ வருடப் பயிற்சி. அவ்வளவு பெரிய மனிதருக்கு உலகத்தில் தெரியாத ஒரே விஷயம் நிற்பது என்று அன்று தெரிந்தது.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்னாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபத்தில் நம்முடைய கலை தெரியாத ஒரே ஆள் ஸ்டெல்லா.

"ஸ்டெல்லா, கொஞ்சம் வாங்க. இந்தப் பிள்ளையிட கையப் பிடியுங்க. அவ எடுக்கப் பாப்பா. விடாதீங்க."

"நானோ மிஸ்? எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"அதுதான் வேணும்."

ஸ்டெல்லா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். கைப்பையை முழங்கையில் ஏற்றிக்கொண்டு, கோயில் திருவிழா நெரிசலில் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி ரிஸ்னாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். ரிஸ்னா திருப்பினாள். கை திரும்பவில்லை. முழங்கையை இறக்கினாள், காலை வைத்தாள், இடுப்பைக் கொடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஸ்டெல்லா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "இவ என்ன மிஸ் செய்யிறா?" என்று என்னிடம் கேட்டார்.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"அவவுக்குப் பிடிக்கத் தெரியாது," என்றார் சேர். "ஒரு கையாலதான் பிடிக்க வேணும். ரெண்டு கையால பிடிக்கிறது வேற டெக்னிக். அது பிரவுன் பெல்ட்டுக்கு."

"அந்த ஆளுக்கு இவ என்ன பெல்ட்டெண்டு தெரியாது சேர்," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. நான் மறுபடி வணங்கினேன். நம்முடைய கலையில் எதையும் சொல்லலாம், வணங்கிவிட்டுச் சொல்லவேண்டும்.

ரிஸ்னா கையை உருவிக்கொண்டு பையை எடுத்தாள். படியில் நான் அவளை மறித்தேன். கண் நிறைந்திருந்தது.

"இங்க வரமுந்தி பயம் மட்டும்தான் ஈந்திச்சி மிஸ். நீங்க ஒரு தைரியத்தத் தந்தீங்க. இப்ப அதையும் எடுத்துட்டீங்க. நான் நாளைக்கு என்னத்தக் கொண்டு போற?"

அவள் போய்விட்டாள். படியிலேயே இருந்து அழுதேன். கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்று நான் ஓடவில்லை என்பதால் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

சேர் என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார். "தன்னம்பிக்கைதான் பெண்ணுக்கு முதலாவது ஆயுதம் மிஸ். அத நீங்க பறிச்சிட்டீங்க." நான், "ஆயுதம் எண்டா சுடவேணும் சேர்" என்றேன். சொல்லும்போது கெட்டித்தனமாக இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவ்வளவு கெட்டித்தனமாக இருக்கவில்லை. பொய்யான தைரியத்தை எடுத்துவிடுவது சரி. அதை எடுத்த இடத்தில் வைக்க என்னிடம் என்ன இருந்தது? அன்று முழுவதும் அதே யோசனை. ஆனாலும் இன்றைக்கும் அதே நிலைமை வந்தால் ஸ்டெல்லாவைத்தான் கூப்பிடுவேன்.

மறுநாள் கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தைக்குப் போனேன். மருந்துக் கடைக்கு எதிர்ப்பக்கத்தில் அன்டன் ஏற்கனவே நின்றார்.

"ஸ்டெல்லா போகச் சொன்னவ," என்றார். "தான் விடாமப் பிடிச்சதாலதான் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போச்சுதெண்டு ஞானஸ்நான வீட்டில சாப்பிடவும் இல்ல."

அந்த ஆள் எங்களைக் காணக்கூடாது, என்மேல் கோபமாக இருக்கும் ரிஸ்னாவும் காணக்கூடாது என்பதால் வீதிக்கு எதிர்ப்பக்கம் மறைவாக நிற்பது என்று முடிவு செய்தேன். அன்டனை மறைக்கக்கூடிய எதுவும் காலி நகருக்குப் போகிற காலி வீதியில் இல்லை என்பதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு பழச்சாற்றுக் கடையின் விளம்பரப் பலகைக்குப் பின்னால் அவரை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் அவர் தெரிந்தார்.

பின்னேரம் ரிஸ்னா கடையால் வெளியே வந்தாள். அவன் எங்கிருந்தோ வந்து பின்னால் நடந்தான். சட்டையைக் காற்சட்டைக்குள் விட்ட, தலை சீவிய, பார்த்தால் யாரும் குறை சொல்லமுடியாத பையன். அவள் நிற்கவில்லை, திரும்பவில்லை, வேகமாக நடந்தாள். அவன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான். பிரவுன் பெல்ட்டுக்குரிய பிடி.

நானும் அன்டனும் வீதியில் காலை வைத்தோம். இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. காலை எடுத்தோம். மறுபடி வைத்தோம். ஒரு ஓட்டோக்காரர் என்னைப் பார்த்து சிங்களத்தில் நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுப் போனார். ஓட முடிந்தால் ஓடு என்ற கொள்கை காலி வீதிச் சாரதிகளுக்குத் தெரியாது. இரண்டு கறுப்புப் பட்டிகள் ஒரு வீதியைக் கடக்க முடியாமல் நின்றோம்.

பஸ்களுக்கு இடையால் பார்த்தபோது ரிஸ்னாவைக் காணவில்லை. பிறகுதான் கண்டேன். அவள் நிலத்தில் இருந்தாள். நடைபாதையில், மரவள்ளிப் பொரியல் விற்கிறவரின் வண்டிக்குப் பக்கத்தில், காலை நீட்டிக் குந்திக்கொண்டு, தமிழிலும் சிங்களத்திலும் விடு விடு என்று அலறினாள். அவன் இழுத்தான். குந்தியிருக்கிற ஆளை இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒரு பெண் நிற்கிறாள், ஒருவன் அவள் கையைப் பிடித்திருக்கிறான் என்றால் காலி வீதியில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வீட்டுப் பிரச்சினை என்று கடந்து போவார்கள். நிலத்தில் குந்திக்கொண்டு ஒரு பெண் அலறினால் எல்லோரும் பார்ப்பார்கள். "மொகத உனே, மொகத உனே" என்று, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டபடி, மரவள்ளிக்காரர் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மருந்துக் கடையிலிருந்து இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். யாரோ போனை உயர்த்தி வீடியோப் படம் எடுத்தார்கள்.

அவன் கையை விட்டுவிட்டு வீதிக்குக் குறுக்கே, எங்கள் பக்கமாக ஓடி வந்தான். அவனுக்கு மட்டும் பஸ்கள் வழி விட்டன. வீதியோரத்தில் நின்ற அன்டன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவன் முன்னால் நின்றார். அந்த உடம்பைத் தாண்டி யாரும் போகமுடியாது. அவன் உள்ளங்கையால் அன்டனின் நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளினான். பெரிய தள்ளல் இல்லை.

அன்டன் விழுந்தார்.

சும்மா விழவில்லை. முழுதாகக் காற்றில் எழும்பி, முதுகு வளைந்து, விழுந்து, உள்ளங்கையால் தார் வீதியை ஓங்கி அறைந்தார். கடைகளுக்குள் இருந்தவர்கள் வெடிச்சத்தம் என்று வெளியே வந்தார்கள். என் வாழ்க்கையில் அதைவிட அழகான விழுதலைக் கண்டதில்லை. தள்ளியவன் அப்படியே நின்றுவிட்டான். தன் கையைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள் பார்ப்பார்களே, அதே பார்வை. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவன் அப்படி நின்ற நேரத்தில் மருந்துக் கடைக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். அன்டன் எழும்பி, உடுப்பைத் தட்டிக்கொண்டு, என்னிடம் "சொறி மிஸ்" என்றார்.

நான் வீதியைக் கடந்து போனேன். ரிஸ்னாவைக் கடைக்குள் இருத்தித் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். மணிக்கட்டில் விரல் பதிந்திருந்தது.

"எறியப் பாத்தீங்களா மகள்?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். அது வேல செய்யாண்டு தெரியும்தானே." தண்ணீரைக் குடித்தாள். "நான் ஒண்டும் செய்யல்ல. கால் விட்டுப் போச்சி. குந்திட்டேன். குந்தினாப் பொறகுதான் கத்தலாம்டு வெளங்கின."

அந்த நேரம் அவள் எறியப் பார்த்திருந்தால், கையைத் திருப்பி, முழங்கையை இறக்கி, காலை வைத்து, அது ஏன் வேலைசெய்யவில்லை என்று யோசித்துக்கொண்டு நின்றிருப்பாள். அதற்குள் அவன் அவளைக் கடற்கரைக்கு இறங்கும் பக்கத்துச் சிறு ஒழுங்கைக்கு இழுத்திருப்பான். அந்த ஒழுங்கை பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

அவளுடைய வாப்பா கடைக்கு வந்தபோது படம் அவருக்கு முந்தி வந்துவிட்டிருந்தது. யாரோ குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். நல்ல அமைதியான மனிதர், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார். எல்லோருக்கும் தெரியும், இப்போது அவர் வேலை வேண்டாம் என்று சொல்லப் போகிறார். தொட்டுவிட்டான். சொன்ன சொல் இருக்கிறது.

"ரோட்டுல குந்தினியா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை அவருக்கு. "இத்தின சனத்துக்கு முன்னுக்கு?"

ரிஸ்னா தண்ணீர்ப் போத்தலை வைத்தாள்.

"ஓம் வாப்பா. நாளைக்கும் வேலைக்கு வருவேன். தேவையெண்டா நாளைக்கும் குந்துவேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். "முந்தி பொலிஸுக்குப் போவம்," என்றார். போனார்கள். மருந்துக் கடை முதலாளியும் மரவள்ளிக்காரரும் சாட்சிக்குப் போனார்கள். அந்தப் பையனின் வீட்டார் வந்து கெஞ்சினார்கள், அவள் முறைப்பாட்டைத் திரும்பப் பெறவில்லை. அவன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அவள் மறுநாள் வேலைக்கு வந்தாள். இப்போதும் வருகிறாள். எனக்குப் பிரஷர் குளிசை எடுத்துத் தருவது அவள்தான்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டு வகுப்பில் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். பட்டி இல்லாதவர் மெத்தையில் ஏறக்கூடாது என்று சேர் சொன்னார். சரி என்று ஸ்டெல்லா மெத்தைக்கு வெளியே நின்று பிடித்தார். யாருக்கும் விடவில்லை. சில பெண்கள் மனம் உடைந்து வகுப்பை விட்டுவிட்டார்கள். தொடர்ந்து வந்தவர்கள் கொஞ்சம்தான் படித்தார்கள், ஆனால் படித்தது அவர்களிடம் இருந்தது. உங்கள் வகுப்பிலும் நம்முடைய கலை தெரியாத ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் மரியாதை இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

சேர் செய்த மாற்றம் பெரியது. அவர் அந்த வட்ஸ்அப் படத்தைப் பல முறை போட்டுப் பார்த்தார். பிறகு பாடத்திட்டத்தில் ஒரு புது வடிவம் வந்தது. நீங்கள் மூச்சை உள்ளே இழுத்து, இடுப்பைத் தாழ்த்தி, பூமியின் பலத்தை எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு நிலத்தில் இறங்குகிறீர்களே, அந்த வடிவம். அதற்கும் ஜப்பானிய மாதிரிப் பெயர் இருக்கிறது. காலி வீதியில் ஒரு பிள்ளைக்குக் கால் விட்டுப்போனதுதான் அது. சனிக்கிழமை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்தபோது நான் இருமியது தொண்டைக் கரகரப்பினால் அல்ல.

அந்த வடிவத்தை முதன்முதலாக மேடையில் காட்டிய நாளில் சேர் ரிஸ்னாவை விருந்தினராக அழைத்திருந்தார். அவளுக்கு அழைப்பு ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை, என் பக்கத்தில் வந்து இருந்தாள். மேடையில் ஒரு மாணவி நின்றாள். அன்டன் வந்து அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். அவள் மூச்சை இழுத்து, அமைதியாக, அழகாக நிலத்தில் குந்தினாள். உடனே அன்டன் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, முதுகால் விழுந்து, உள்ளங்கையால் மெத்தையில் ஓங்கி அறைந்தார். மண்டபம் முழுவதும் எழும்பிக் கைதட்டியது.

ரிஸ்னா தட்டவில்லை. என் காதுக்குக் குனிந்து கேட்டாள்.

"குந்தினது அவதானே மிஸ். இவர் ஏன் விழுந்தாரு?"